உண்மை நகல்

1962ஆம் ஆண்டில் அமெரிக்கரான கரோல் ஷெல்பி, இங்கிலாந்தின் ஏ.சி. நிறுவனம் செய்த எடை குறைந்த வண்டியில் ஃபோர்டின் எட்டு சிலிண்டர் என்ஜினைப் பொருத்தி, 'கோப்ரா' என்னும் ஸ்போர்ட்ஸ் காரை உருவாக்கினார். 1960களில் செய்யப்பட்டவை ஏறத்தாழ ஆயிரமே. இன்று அவற்றின் விலை எளியோர்க்கு எட்டாதது. ஆகவே, கண்ணாடியிழையில் அதே வடிவை வார்த்து, என்ஜினும் இருக்கையும் வண்ணமும் தம் விருப்பம்போல் அமைத்துக்கொள்வோர் பலர். இது போலிப் பெருமையன்றோ என்று கேட்கத் தோன்றும்.

அலுவலகத்தில் நாம் படியெடுத்த ஆவணங்களின் மீது 'உண்மை நகல்' என்று முத்திரையிடுகிறோம். நகல் எங்ஙனம் உண்மையாகும்? தன்னை நகலென்று ஒப்புக்கொள்வதனாலேயே ஆகும். வழியில் ஒரு சிறுவன், "இது அசலா?" என்று வினவும் கணமே வண்டிக்கு உரியவனின் சோதனை. புன்னகைத்து வாளாவிருத்தலும் பொய்யே. "இல்லையப்பா, நகல்தான், ஆனால் இதன் ஒவ்வொரு திருகாணியையும் முடுக்கியவன் நான்" என்பானாயின், அவன் உழைப்பேனும் அசலாகிவிடுகிறது.

நாமும் பெரியோர் வாழ்வைப் பார்த்து நம் வாழ்வை வகுத்துக்கொண்டவர்களே. அவர்களிடம் பெற்றது எது, நாம் சேர்த்தது எது என்று கூசாமல் சொல்ல இயலுமா? நம்மையே கேட்டுக்கொள்வோமாக.