குரலுக்கு மட்டும் கிடைத்த விருது

1969ஆம் ஆண்டுக்கான தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த பின்னணிப் பாடகிக்கான விருது கே.பி. சுந்தராம்பாளுக்குக் கிடைத்தது. படம் 'துணைவன்', சின்னப்பா தேவரின் தயாரிப்பு. பெண் பாடகிக்கென்று அந்த விருதைத் தொடங்கியதே அதற்கு முந்தைய ஆண்டுதான். 'உயர்ந்த மனித'னுக்காக பி. சுசீலா அதை முதலில் பெற்றார். இரண்டாவதாகப் பெற்றபோது சுந்தராம்பாள் அறுபதைத் தாண்டியிருந்தார். 1970இல் பத்மஸ்ரீ வந்தது. அதற்கு முன்பே, 1966இல், சென்னைத் தமிழ் இசைச் சங்கம் அவருக்கு 'இசைப்பேரறிஞர்' பட்டம் அளித்திருந்தது.

ஒவ்வொன்றும் தகுதியானவருக்குப் போய்ச் சேர்ந்த கௌரவம். அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் இந்தப் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் அதில் விடுபட்டது எது என்று மனம் தேடுகிறது. திரையில் அவர் பாடிய பெரிய பாடல்கள் எல்லாம் அவரே தோன்றிப் பாடியவை. இன்னொரு நடிகையின் உதட்டசைவுக்காகப் பாடிப் பெயர் வாங்கியவர் அல்லர் அவர். அவர் பாடும்போது நெற்றி சுருங்குவது, கை உயர்வது, ஒரு சொல்லை அழுத்துவதற்கு முன் ஒரு கணம் கண்ணை மூடுவது எல்லாம் அந்தப் பாட்டின் பகுதிதான். விருதுக் குழு அதிலிருந்து குரலை மட்டும் தனியே எடுத்து எடை போட்டது. வேறு வழியும் அதற்கு இல்லை. பாட்டை ஒருவரும் நடிப்பை இன்னொருவரும் செய்வது என்று தொழில் பிரிந்துபோன பிறகு உருவான விருதுகள் அவை. 1938இல் ஏவி.எம்.மின் 'நந்தகுமார்' படத்தில் தொடங்கிய அந்தப் பிரிவு முப்பது ஆண்டுகளில் மாற்ற முடியாத விதியாகிவிட்டது. சுந்தராம்பாள் அதற்கு முந்தைய உலகத்திலிருந்து வந்தவர்.

அந்த உலகம் நாடக மேடை. சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்துக் கொடுத்த மேடை. அங்கே பாடத் தெரியாதவருக்கு வேஷம் இல்லை. கோபம், காதல், அழுகை, தர்க்கம் எதுவானாலும் பாட்டாகத்தான் வரும். எதிரே நிற்பவர் ஒரு விருத்தம் எடுத்தால் அதே சுருதியில், அதே ராகத்தில், அந்த இடத்திலேயே பதில் எடுக்க வேண்டும். ஒலிபெருக்கி இல்லை. தரை டிக்கெட்டில் கடைசியில் உட்கார்ந்திருப்பவனுக்கும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் அவன் அந்த இடத்திலேயே சொல்லிவிடுவான். பிடித்துவிட்டால் 'ஒன்ஸ்மோர்' கேட்பான். ஊர்ப் பெரிய மனிதர்கள் மேடைக்கே வந்து மெடல் குத்துவார்கள். அந்த மெடலைப் பாட்டுக்கா, நடிப்புக்கா என்று யாரும் பிரித்துக் கேட்டதில்லை. கொடுமுடியில் வறுமையில் பிறந்த பெண் சிறுவயதிலேயே இந்த மேடைக்கு வந்து, இலங்கை வரை போய்ப் பாடி, அங்கே கொழும்பில் செங்கோட்டை கிட்டப்பாவோடு மேடையேறினார். வள்ளியும் வேலனுமாக அவர்கள் பாடிய பாட்டு தமிழ்நாட்டுக்குப் பித்துப் பிடிக்க வைத்தது என்பதை அந்தத் தலைமுறை எழுதி வைத்திருக்கிறது.

கிட்டப்பா 1933 டிசம்பரில் இறந்தார். அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. சுந்தராம்பாளுக்கு வயது 25. கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர் என்பதால் அவர்கள் உறவைப் பற்றி ஊர் பேசியது கொஞ்சநஞ்சமல்ல. அவர் போன பிறகு இவர் வெள்ளைப் புடவைக்கு மாறினார். இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி எடுத்தார். சாகும்வரை இரண்டையும் மாற்றவில்லை.

'நந்தனார்' படத்துக்கு அவரை அழைத்தபோது ஆண் வேடத்தில் நடிப்பதாக ஒப்புக்கொண்டதற்கும், ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் கேட்டதற்கும் இந்த உறுதியே பின்புலம். அந்தத் தொகையைக் கேட்டால் வந்தவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள் என்று எண்ணினார் என்பார்கள். அவர்கள் கொடுத்துவிட்டார்கள். 1935இல் ஒரு லட்சம் என்பது தென்னிந்தியத் திரையுலகம் கேட்டறியாத தொகை. அன்றைக்கு ஒரு பாடகி நடிகைக்குக் கிடைத்த மிகப் பெரிய அங்கீகாரம் என்று அதைத்தான் சொல்ல வேண்டும். பணத்தின் அளவால் மட்டும் சொல்லவில்லை. ஆண்களால் நிறைந்திருந்த ஒரு தொழிலில், ஒரு பெண்ணின் நிபந்தனைக்கு முதலாளிகள் வளைந்தார்கள் என்பதால் சொல்கிறேன்.

படம் வந்ததும் கல்கி 'ஆனந்த விகட'னில் அதைக் கடுமையாக விமர்சித்தார். அந்தப் படத்தில் நன்றாக நடித்தவை மரமும் மாடும் ஆடும்தான் என்ற பொருளில் எழுதினார். ஒரு பெண் நந்தனாராக வந்தது அவருக்கு ஒட்டவில்லை. அந்தக் குறையில் நியாயம் இருக்கலாம். மேடையில் எடுபடுகிற வேஷம் கேமராவுக்கு முன்னால் எடுபடாமல் போவது உண்டு. அதே 'ஆனந்த விகட'னின் அதிபர் எஸ்.எஸ். வாசன்தான் பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1953இல், சுந்தராம்பாளை ஔவையாராக்கினார். அந்த வேடத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். 'நந்தனா'ரில் இன்னும் ஒரு செய்தி இருக்கிறது.

அந்தப் படத்தில் வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். கர்நாடக இசையின் மிகப் பெரிய பெயர்களில் ஒருவர். 1945இல் மியூசிக் அகாடமி அவருக்கு 'சங்கீத கலாநிதி' அளித்தது. 'துக்காராம்' படத்தில் நடித்த முசிறி சுப்பிரமணிய ஐயருக்கும், 'சகுந்தலை'யில் துஷ்யந்தனாக வந்த ஜி.என். பாலசுப்பிரமணியத்துக்கும் அது கிடைத்தது. சினிமாவில் நடித்தது அவர்கள் யாருக்கும் தடையாக இருக்கவில்லை, இருந்திருக்கவும் கூடாது. கச்சேரி மேடையிலிருந்து திரைக்கு எட்டிப் பார்த்துவிட்டு மீண்டும் கச்சேரிக்கே போனவர்கள் அவர்கள். நாடக மேடையிலிருந்து வந்த கிட்டப்பாவும் தியாகராஜ பாகவதரும் சுந்தராம்பாளும் அந்தப் பட்டியலில் இல்லை. கச்சேரி இலக்கணம் வேறு, நாடகப் பாட்டின் இலக்கணம் வேறு என்று வாதாடலாம். ஆனால் கீழ்வரிசையில் உட்கார்ந்தவர்களுக்கு ராகம் என்றால் என்னவென்று காதில் ஊட்டியவர்கள் நாடகக்காரர்கள்தான். சபா வாசலைத் தாண்டாத லட்சம் பேர் காம்போதியையும் மோகனத்தையும் இவர்கள் தொண்டையிலிருந்துதான் கேட்டார்கள். இதை ஒரு தொண்டாகக் கருதிப் பாராட்டியது தமிழ் இசைச் சங்கம். 1943இல் தமிழ்ப் பாட்டுக்கு மேடையில் இடம் வேண்டும் என்று தோன்றிய அமைப்புக்கு அது இயல்பான செயல்.

எம்.எஸ். சுப்புலட்சுமியின் கதை இன்னொரு விதம். 1938இன் 'சேவாசதன'த்திலிருந்து 1945இன் 'மீரா' வரை நடித்தார். பிறகு திரையை முற்றிலும் விட்டார். 1954இல் பத்மபூஷண், 1968இல் சங்கீத கலாநிதி, 1974இல் மகசேசே விருது, 1998இல் பாரத ரத்னா. அந்த உயரத்துக்கு அவர் குரலும் உழைப்பும் முழுத் தகுதி உடையவை. ஆனாலும் இரண்டு பெண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. ஒருவரைக் குங்குமமும் பட்டுப்புடவையுமாக இல்லறத்தின் வடிவமாகப் போற்றினோம். இன்னொருவரை வெள்ளை உடுத்துத் திருநீறு பூசிய துறவின் வடிவமாகப் போற்றினோம். பாடி நடித்த பெண்ணை நம் சமூகம் மதிப்பதற்கு முன்னால் இந்த இரண்டில் ஒன்றாக அவர் மாறியிருக்க வேண்டியிருந்தது. பாகவதரிடமோ நடிகர் பி.யு. சின்னப்பாவிடமோ யாரும் இப்படி ஒன்றைக் கேட்கவில்லை. சுந்தராம்பாளின் துறவு அவருடைய சொந்தத் துக்கம், சொந்த முடிவு. அதை மதிக்கிறேன். அந்தத் துக்கத்தை அவருடைய கலைக்கான தகுதிச் சான்றிதழாக நாம் எடுத்துக்கொண்டதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அரசியலும் அவரை மதித்தது. காங்கிரஸ் மேடைகளில் சத்தியமூர்த்தியோடு ஊர் ஊராகப் போய்ப் பாடியவர். விடுதலைக்குப் பின் சென்னைச் சட்ட மேலவையில் உறுப்பினரானார். திரைத்துறையிலிருந்து சட்டமன்றத்துக்குள் நுழைந்த முதல் கலைஞர் என்று அவரைச் சொல்வார்கள். இதே காங்கிரஸ்காரர்தான், முருக பக்தர்தான், 1964இல் மு. கருணாநிதி வசனம் எழுதிய 'பூம்புகா'ரில் கவுந்தி அடிகளாக வந்தார். சமணத் துறவியின் வேடம். கொள்கையால் எதிரெதிரே நின்ற இரு தரப்பும் அவரிடம் ஒன்றுபட்டது அவர் நடிப்பின் மீதிருந்த நம்பிக்கையால். எழுத்தில் வராத இந்த மாதிரி அங்கீகாரத்தை நான் பட்டயங்களுக்கு மேலாக வைப்பேன்.

இப்போது ஔவையார். அந்தப் படத்தில் அவர் நடந்து வருவதைப் பாருங்கள். கோலை ஊன்றும் விதத்தில் முதுமை இருக்கிறது, ஆனால் கெஞ்சல் இல்லை. அரசனிடம் பேசும்போது தலை நிமிர்கிறது. பாட்டு தொடங்கும் இடமும் பேச்சு முடியும் இடமும் தனித்தனியாகத் தெரிவதில்லை. பேச்சு உயர்ந்து உயர்ந்து தானாகப் பாட்டாகிவிடுகிறது. நாடக மேடை தந்த வித்தை இது. இன்றைக்கும் ஔவை என்றால் தமிழர் மனக்கண்ணில் நிற்பது அந்த உருவம்தான். சங்க காலத்து ஔவை எப்படி இருந்தார் என்று யாருக்குத் தெரியும்? ஒரு நடிகை தன் முகத்தை ஒரு மொழியின் புலவருக்கே கொடுத்துவிட்டார்.

இதற்கு அவருக்கு தேசிய விருது இல்லை. இருக்கவும் முடியாது. 1953ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து தொடங்கிய தேசிய விருதுகள் அன்று படங்களுக்கு மட்டுமே. நடிகர், நடிகை, பாடகர் என்று தனியாட்களுக்குக் கொடுக்கத் தொடங்கியது 1967ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான். கிட்டப்பா, சின்னப்பா, பாகவதர் மூவரும் அதற்குள் இறந்துவிட்டார்கள். ஒரே சென்னை அரங்கில் மூன்று தீபாவளி கண்ட 'ஹரிதாஸ்' நாயகன் பாகவதர் 1959இல் போனபோது அரசு மரியாதை என்று அவர் பெயருக்கு முன்னால் எதுவும் இல்லை. சுந்தராம்பாள் நீண்ட நாள் வாழ்ந்தார், அறுபதிலும் குரல் தளராமல் இருந்தது. அதனால் அவருடைய தலைமுறையின் சார்பில் அந்த விருது அவர் கைக்கு வந்தது. 1980இல் அவர் காலமானார்.

அந்த மேடை அவரோடு முடிந்துவிடவில்லை. மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கங்களில் மாசி, பங்குனித் திருவிழாக்களில் இன்றும் விடிய விடிய 'வள்ளி திருமணம்' நடக்கிறது. ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் ஆர்மோனியத்துக்கு எதிரே நின்று, அதே சங்கரதாஸ் சுவாமிகள் பாட்டை, அதே தர்க்கத்தைப் பாடி நடிக்கிறார்கள். ஸ்திரீபார்ட் போடும் பெண்கள் பலர் அந்த வேஷத்துக்காகவே சொந்த ஊரில் ஏச்சுக் கேட்கிறார்கள். சுந்தராம்பாள் கேட்ட அதே ஏச்சு. கலைமாமணி விருதுக்குப் பெயர் தேர்வு செய்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஒரு திருவிழா இரவில் அந்தப் பந்தலில் போய் உட்காருங்கள். வேலனும் வள்ளியும் தர்க்கம் தொடங்கும் நள்ளிரவுக்கு முன் எழுந்துவிடாதீர்கள். பாடிக்கொண்டே நடிக்கும் அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயதிலேயே விருது கொடுங்கள். அதை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று தெரியாவிட்டால் ஒரு புதிய பிரிவைத் தொடங்குங்கள்.