பழைய வீடும் பாலாலயமும்

வட்டி வாங்குவது தர்மமா என்ற கேள்வியை உலகத்துச் சமயங்கள் பலவும் எழுப்பியிருக்கின்றன. இஸ்லாம் அதனை அறவே விலக்கியது, நம் ஸ்மிருதிகள் அதற்கு வரம்பு கட்டின. ஆனால் வாடகை வாங்குவது தர்மமா என்று அன்றாட வாழ்வில் எவரும் கேட்பதில்லை. வீடு என்னுடையது, குடியிருப்பவர் அதற்கு விலை கொடுக்கிறார், இதில் விசாரிக்க என்ன இருக்கிறது என்று கடந்துபோய்விடுகிறோம். உத்தியோகத்தில் சேர்ந்து சில வருஷங்கள் சேமித்த இளைஞர்கள், புதிய அடுக்கு வீடுகளின் விலை எட்டாமலோ, பழைய வீடானால் அடிமனை முழுவதும் தமக்கே கிடைக்கும் என்ற கணக்கினாலோ, திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் புரசைவாக்கத்திலும் ஐம்பது, அறுபது, நூறு வருஷத்து வீடுகளை வாங்கி வாடகைக்கு விடுவதை ஒரு முதலீடாக மேற்கொண்டிருக்கும் இக்காலத்தில், அந்தக் கேள்வியை ஒருமுறை நேராக நின்று கேட்பது அவசியம் என்று நான் கருதுகிறேன். ஏனெனில் அதற்கு ஒருவர் அளிக்கும் விடையைப் பொறுத்தே, அவர் எப்படிப்பட்ட வீட்டை வாங்குவார், வாங்கியதை எப்படி வைத்திருப்பார் என்பவை எல்லாம் அமைகின்றன.

நிலத்தை வீட்டுச் சொந்தக்காரர் படைக்கவில்லை. வீட்டையும் அவர் கட்டவில்லை. கட்டியவரும், செங்கல் சுமந்தவரும், தளம் கொட்டிய கொத்தனாரும் எந்நாளோ மறைந்துவிட்டார்கள். தெருவுக்கு மதிப்பை உண்டாக்கியவை அங்குள்ள கோயிலும் பள்ளிக்கூடமும் கடைவீதியும். அவற்றிலும் அவர் பங்கு ஒன்றுமில்லை. அப்படியானால் மாதந்தோறும் ஒரு குடும்பத்தின் உழைப்பில் நாலில் ஒன்றோ மூன்றில் ஒன்றோ தம் கைக்கு வந்து சேருவதற்கு அவர் செய்த கைம்மாறு யாது? பணம் போட்டேன் என்பது விடையாகாது. பணம் போட்டதற்குப் பத்திரம் கிடைத்துவிட்டது. எவ்வளவு யோசித்தாலும் எனக்குத் தோன்றும் நியாயமான விடை ஒன்றே: மழைக்கும் வெயிலுக்கும் கரையானுக்கும் காலத்துக்கும் நடுவில் அந்த வீட்டை நிற்கவைத்துக் காக்கும் பரிபாலனமே அவர் செய்யும் தொழில், வாடகை அந்தத் தொழிலுக்குரிய கூலி. அந்தத் தொழிலைச் செய்யாமல் வாங்கும் வாடகை, யோக சாஸ்திரம் ஐந்து யமங்களில் ஒன்றாக வைத்த அஸ்தேயத்துக்கு, அதாவது பிறர் பொருளைக் கவராமைக்கு, மாறானது என்று சொல்ல நான் தயங்கவில்லை.

ஈசாவாஸ்ய உபநிஷத்தின் முதல் மந்திரத்தில் ஹிந்து தர்மத்தின் சாரம் முழுவதும் அடங்கியிருப்பதாகக் காந்தியடிகள் 1937இல் திருவிதாங்கூரில் பேசினார். யாவும் ஈசனுடையவை, ஆகையால் துறந்து அனுபவி என்னும் அந்த உபதேசத்தோடு இசைந்ததே சொத்துடையவன் தன்னைத் தர்மகர்த்தாவாகக் கருத வேண்டும் என்ற அவருடைய கொள்கை. பெரிய ஆலை முதலாளிகளுக்குச் சொன்ன வார்த்தை என்று இதனை ஒதுக்கிவிடுகிறோம். இரண்டு போர்ஷன்கள் உள்ள ஒரு பழைய வீட்டின் சொந்தக்காரருக்குத்தான் இது மிக நெருங்கிப் பொருந்துகிறது, ஏனெனில் அவருடைய சொத்துக்குள் வேறொருவர் தூங்குகிறார், சமைக்கிறார், குழந்தை வளர்க்கிறார்.

ஆகவே தர்மத்தைப் பேசுகிறவர் முதலில் மொட்டைமாடிக்கு ஏற வேண்டும். சென்னையின் பழைய வீடுகளில் பலவற்றின் மேற்கூரை மெட்ராஸ் டெரஸ் என்று பெயர் பெற்றது. சுவருக்குச் சுவர் பர்மாத் தேக்கு விட்டங்கள் இட்டு, அவற்றின்மேல் மரச்சட்டங்களை நெருக்கமாகப் பரப்பி, மெல்லிய சிறு செங்கற்களைக் குத்தாக நிறுத்தி மூலைவாட்டாகச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்ந்த காரையைப் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து மரக்கட்டைகளால் நாட்கணக்கில் கொட்டி இறுக்கி, கடைசியில் தட்டோடு பதித்து முடித்த அந்தத் தளம், தண்ணீர் தேங்காதவரையில் நூறு வருஷம் நிற்கும். தண்ணீர் தேங்கினால், அதன் கேடு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தொடங்குகிறது. சருகு அடைத்த ஒரு மழைநீர்க் குழாயினால் மூலையில் நிற்கும் நீர், ஓட்டு இடுக்குகளில் இறங்கி, காற்றோட்டமில்லாமல் சுவருக்குள் புதைந்திருக்கும் விட்டத்தின் முனையை அடைகிறது; நடுவில் இரும்புபோல் இருக்கும் தேக்கு, முனையில் மாவாகிப்போயிருக்கும். அறையின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்து, மரம் நன்றாக இருக்கிறதென்று திருப்தியடைகிறவர் ஏமாந்தவரே. சுவரோடு விட்டம் சேருமிடத்தை ஏணி வைத்து ஏறித் தட்டிப் பார்க்க வேண்டும்.

அந்தத் தளம் ஒழுகும்போது சொந்தக்காரர்கள் செய்யும் முதல் காரியம், அதன்மேல் சிமெண்டைப் பூசுவது. இதைவிடப் பெரிய தீங்கு அதற்கு வேறில்லை. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி மெல்ல வெளியே விடும் இயல்புடையது. சிமெண்டு அதன் வாயை அடைத்துவிடுகிறது. மேலே கனம் கூடுகிறது, வெயிலில் சிமெண்டு வெடிக்கிறது, வெடிப்பில் புகுந்த நீர் வெளியேற வழியின்றி மரத்தையே தேடிப்போகிறது. ஓதம் ஏறி உப்புப் பூத்த சுவருக்குச் சிமெண்டுப் பூச்சு இட்டாலும் அதுவே நேரும். ஈரம் இன்னும் ஓர் அடி உயரே ஏறி அங்கே தலைகாட்டும். பழைய தட்டோட்டைப் பெயர்த்து, காரையைச் சரிசெய்து, நீர் ஓடுவதற்குரிய வாட்டத்தை மீண்டும் அமைத்து ஓடு பதிப்பது செலவும் பொறுமையும் வேண்டும் வேலை. ஆனால் அதுவே வேலை. பிற்காலத்துக் கான்கிரீட் வீடுகளும் இதற்கு விலக்கல்ல. கடற்காற்றின் உப்பினால் உள்ளே இருக்கும் கம்பி துருவேறிப் பருத்து, கான்கிரீட்டைப் பிளந்து பாளம் பாளமாக உதிர்க்கிறது. உதிர்ந்த இடத்தை மேலே பூசி வெள்ளையடித்து வாடகைக்கு விடுகிறவர், கீழே தொட்டில் கட்டுகிறவர் யாரென்று நினைத்துப் பார்ப்பதில்லை. மரச்சட்டத்தின்மேல் ஓடும் பழைய மின்சாரக் கம்பிகளையும், நில இணைப்பில்லாத பிளக்குகளையும், உள்ளே துருவேறி அடைத்துக்கொண்ட இரும்புக் குழாய்களையும் வாங்கிய வருஷத்திலேயே மாற்றிவிட வேண்டும் என்பதில் விவாதத்துக்கு இடமில்லை.

சுவரிடுக்கில் முளைக்கும் அரசங்கன்றைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். காக்கையும் மைனாவும் போட்ட விதையிலிருந்து கைப்பிடிச்சுவரிலும் வெளிச்சுவரிலும் அது முளைக்கிறது. அரசைப் பிடுங்குவது பாவம் என்று அஞ்சி வீட்டுக்காரர் விட்டுவிடுகிறார். நாலைந்து வருஷத்தில் வேர் சுவரைப் பிளக்கிறது. தெய்வத்தின் பெயரால் செய்யும் அசிரத்தை என்று இதை நான் சொல்வேன். கன்றாக இருக்கும்போதே வேரோடு எடுத்து, நன்றி சொல்லி, குளக்கரையிலோ கோயில் நந்தவனத்திலோ நட்டால் மரமும் பிழைக்கும், வீடும் பிழைக்கும். மனையடி சாஸ்திரம் பார்த்து வாசல் எந்தத் திசை என்று நாலு பேரைக் கேட்கிறவர், ஐப்பசி அடைமழையில் ஒருநாள் அந்த வீட்டுக்குப் போய், தண்ணீர் எங்கே விழுந்து எங்கே ஓடுகிறது என்று பார்த்தாரானால், வாஸ்து புருஷனை உண்மையாகத் தரிசித்தவர் ஆவார். பங்குனி வெயிலில் புதுச்சாயம் அடித்துக் காட்டும் வீட்டில் ஒன்றும் தெரியாது.

கட்டடத்தைப் போலவே பத்திரத்திலும் புதைந்த இடங்கள் உண்டு. முப்பது வருஷத்து வில்லங்கச் சான்றில் குற்றமில்லை என்பதால் மட்டும் ஒரு சொத்து சுத்தமாகிவிடாது. வில்லங்கச் சான்று பதிவானதைச் சொல்லும், பதிவாகாத பிறப்பையும் இறப்பையும் சொல்லாது. உயில் எழுதாமல் இறந்தவரின் பெண்களுக்கு 1956ஆம் வருஷத்து வாரிசுரிமைச் சட்டம் பங்கு கொடுத்தது; கூட்டுக் குடும்பச் சொத்திலும் பெண்களுக்குச் சம உரிமையைத் தமிழ்நாட்டில் 1989இலும், இந்தியா முழுவதற்கும் 2005இலும் சட்டம் வழங்கிற்று. இருந்தும், சீர் செய்தாகிவிட்டது என்று சொல்லி அக்காவையும் தங்கையையும் கையெழுத்திலிருந்து விலக்கிவிட்டு அண்ணன் தம்பிகள் மாத்திரம் விற்க முன்வரும் வீடுகள் இன்றும் உண்டு, அத்தகைய வீடு சந்தை விலையைவிடக் குறைந்தும் கிடைக்கும். அந்தச் சகாயம் ஒரு பெண்ணின் பங்கிலிருந்து எடுத்துக் கொடுக்கப்படுவது. வழக்கு வருமென்று அஞ்சி அதை விலக்குகிறவர் புத்திசாலி. வழக்கு வராதென்று நிச்சயமாகத் தெரிந்தாலும் விலக்குகிறவரே தர்மம் அறிந்தவர்.

இனிக் குடித்தனக்காரர். பழைய வாடகை வீட்டை வாங்குகிறவர் பல சமயங்களில் அதில் வாழும் மனிதரோடு சேர்த்தே வாங்குகிறார். 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டத்தின்படி விற்றவருக்கிருந்த உரிமைகள் வாங்கியவருக்கு வருவதைப்போல, குடித்தனக்காரர் விரும்பினால் பொறுப்புகளும் வாங்கியவரைப் பற்றுமாறு செய்ய இடமுண்டு. ஆனால் முன்பணம் விற்றவர் கையில் நின்றுபோய், பத்து வருஷம் கழித்து வீட்டைக் காலிசெய்யும் முதியவர் இரண்டு வாசலிலும் கைநீட்டி நிற்கும் அவலம் நேர்கிறது. கிரயத்தன்றே முன்பணத்தை விலையில் கழித்துத் தம் பொறுப்பில் வாங்கிக்கொண்டு, அதைக் குடித்தனக்காரருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுவது புதுச் சொந்தக்காரரின் முதல் கடமை. வீட்டைப் பற்றிய உண்மைகளை அவரைப்போல் அறிந்தவரும் எவருமில்லை. எந்த அறையில் ஒழுகும், எந்த மாதம் கிணறு வற்றும் என்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. 1908 முதல் பத்து வருஷம் புதுவையில் வாழ்ந்த பாரதியாருக்கு வீடு கொடுத்திருந்த விளக்கெண்ணெய்ச் செட்டியார், வாடகை கேட்க வந்து, கேளாமலே திரும்பிப் போவார் என்று வ. ரா. எழுதியிருக்கிறார். எல்லாக் குடித்தனக்காரரும் பாரதியாரில்லை, எல்லாச் சொந்தக்காரரும் வாடகையை விட்டுக்கொடுக்கக் கூடியவரும் இல்லை. ஆயினும் வாசலில் நிற்கும்போது உள்ளே இருப்பவரை மனிதராகக் கண்ட அந்தப் பார்வை பணக்காரருக்கு மட்டும் உரியதன்று. சாதியையும் மதத்தையும் சாப்பாட்டையும் விசாரித்து வீடு மறுக்கிறவர்களிடம் இல்லாதது அந்தப் பார்வைதான். ஈசனுடையது என்று நம்புகிற வீட்டில் ஈசன் படைத்த ஒருவருக்கு இடமில்லை என்பது ஆஸ்திகத்துக்கே முரணான வார்த்தை.

பெரிய பழுது பார்க்கும் காலத்தில்தான் இந்த உறவு சோதனைக்கு உள்ளாகிறது. இங்கே நம் கோயில் மரபு ஒரு வழி காட்டுகிறது. புதிதாக ஆலயம் எழுப்புவதைக் காட்டிலும் சிதைந்ததைச் செப்பனிடும் ஜீர்ணோத்தாரணம் மேலான புண்ணியம் என்பது ஆகம மரபினர் கொள்கை. அத்திருப்பணியில் கர்ப்பகிருகத்துச் சுவரில் ஓர் உளி படுவதற்கு முன்னால், மூர்த்தியின் சாந்நித்தியத்தைக் கும்பத்திலோ படத்திலோ அத்தி மரத்திலோ ஆவாஹனம் செய்து, பாலாலயம் என்னும் சிறிய இடத்தில் எழுந்தருளச் செய்கிறார்கள். வேலை நடக்கும் காலமெல்லாம் பூஜை அங்கே தடையின்றி நடக்கிறது. திருப்பணி முடிந்ததும் கும்பாபிஷேகத்தில் பழைய இடத்திலேயே மீண்டும் பிரதிஷ்டை நடைபெறுகிறது. கட்டடத்தைத் தொடுவதற்கு முன் அதில் வாசம் செய்கிறவருக்கு இடம் அமைக்க வேண்டும், முடிந்தபின் அவரையே திரும்ப அழைத்துவர வேண்டும் என்ற இந்தக் கிரமத்தை, பழுது என்ற பெயரால் குடித்தனக்காரரை வெளியேற்றிவிட்டு இருமடங்கு வாடகைக்குப் புதியவரைத் தேடும் வழக்கத்தோடு வைத்துப் பாருங்கள். 1960ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம்கூட, பழுதுக்காக வீட்டைக் காலிசெய்யக் கேட்கும் சொந்தக்காரர், வேலை முடிந்ததும் அதே குடித்தனக்காரருக்கு வீட்டைத் தருவதாக உறுதிமொழி கொடுக்க வேண்டுமென்று விதித்திருந்தது. 2019 பிப்ரவரியில் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டம், வேறு உடன்படிக்கை இல்லாதவரையில், கட்டடத்தின் பெரிய பழுதுகளையும் வெள்ளையடிப்பையும் சொந்தக்காரர் பொறுப்பில் வைக்கிறது. குழாய் வாஷர் போன்ற சிறு காரியங்களைக் குடித்தனக்காரரிடம் விடுகிறது. சட்டம் எப்படி மாறினாலும் பாலாலயத்தின் நியாயம் மாறாது. மாடியில் ஒரு அறையோ, அடுத்த தெருவில் இரண்டு மாத வாடகையோ, அதற்கு ஆகும் செலவைத் திருப்பணிச் செலவின் முதல் வரியாக எழுதிக்கொள்ள வேண்டும்.

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி நியாயமானது. வருமான வரிச் சட்டம் இதற்கு நல்லதொரு அளவைத் தந்திருக்கிறது: சொத்து வரி போக எஞ்சும் வாடகையில் நூற்றுக்கு 30 பங்கை, செலவு செய்தாலும் செய்யாவிட்டாலும், வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள அது அனுமதிக்கிறது. அந்தச் சலுகையைத் தமக்கு வந்த லாபமாக எண்ணுகிறவர் பலர். அது வீட்டின் பங்கு என்பதே என் தீர்மானமான அபிப்பிராயம். மாதம் 20,000 ரூபாய் வாடகை வரும் வீட்டில் 6,000 ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டுவந்தால் இரண்டு வருஷத்தில் 1,44,000 சேரும். ஒரு மொட்டைமாடியின் பழுதுக்கோ, மின்கம்பி மாற்றத்துக்கோ அது பெரும்பகுதி உதவும். வாடகை முழுவதையும் வங்கித் தவணையே விழுங்கும்படி கடன் வாங்கி வீடு வாங்குகிறவருக்கு இது இயலாது. ஒரு மாதம் வீடு காலியாக இருந்தால் கடனும் தவறும், பழுதும் தள்ளிப்போகும், கோபம் குடித்தனக்காரர்மேல் விழும். அத்தகையவர் அந்த வீட்டை வாங்காதிருப்பதே உத்தமம். இன்னும் இரண்டு வருஷம் சேமித்து, சிறிய வீடாக, தாம் தாங்கக்கூடியதாகப் பார்க்கட்டும்.

வாங்கத் துணிந்துவிட்டவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். முதல் மாத வாடகை கைக்கு வந்த அன்றே, உங்கள் சொந்தச் செலவுக்கு ஒரு ரூபாயும் எடுக்குமுன், அதில் பத்தில் மூன்று பங்கை வீட்டின் பெயரால் தனியே வைத்துவிடுங்கள். புரட்டாசி முடிவதற்குள் ஒரு கொத்தனாரையும் உடன் அழைத்துக்கொண்டு மாடிக்கு ஏறுங்கள்.