கூடிப் படித்தல், கூடித் திரிதல்

காலை எட்டு மணி, 29சி. பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகிற இந்த பஸ் கதீட்ரல் ரோடு, லஸ், அடையாறு என்று கல்லூரிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கியபடியே போகும். முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி கையில் ஜெராக்ஸ் நோட்ஸ். அதைப் பார்த்துக் கேள்வி கேட்கிறாள், மற்றவள் ஒப்பிக்கிறாள். தப்பாகச் சொன்னால் தண்டனையாக நேற்றுப் பார்த்த படத்தின் கதையில் ஒரு காட்சி மிச்சம் வைக்கப்படும். மந்தைவெளி வருவதற்குள் பாதிப் பாடமும் இடைவேளை வரையிலான கதையும் முடிந்திருந்தன. ஹாஸ்டல்காரர்களுக்கு அறை இருக்கிறது. டே ஸ்காலருக்கு பஸ்தான்.

*

மயிலாப்பூர் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில் (இன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை) 'சந்திர விலாஸ்' வீட்டுப் பிள்ளை, பின்னாளில் வானியற்பியலாளரான எஸ். சந்திரசேகர், 1925இல் பிரெசிடென்சி கல்லூரியில் சேர்ந்தார். அப்பா ரயில்வே கணக்குத் துறை அதிகாரி, வயலின் வாசிப்பவர். அம்மா சீதாலட்சுமி இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழாக்கியவர். சித்தப்பா சி. வி. ராமன். இன்றைய வகுப்பறை என்றால் முதல் வாரத்திலேயே 'படிப்ஸ்' என்று முத்திரை குத்தியிருக்கும். அது தவறும் இல்லை. அணுவைப் பற்றி ஜெர்மன் இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட் எழுதிய பெரிய புத்தகத்தை அவர் தானாகவே படித்து முடித்திருந்தார்.

1928இல் அந்த சோமர்ஃபெல்டே சென்னைக்கு வந்தார். கல்லூரிப் பையன் அவர் தங்கியிருந்த ஹோட்டலுக்கே போய்ப் பார்த்தான். புத்தகத்தில் படித்ததெல்லாம் பழசாகிவிட்டது, குவாண்டம் இயக்கவியல் வந்து இயற்பியலே மாறிவிட்டது என்று பெரியவர் சொல்லிவிட்டார். இன்னும் வெளிவராத தன் கட்டுரையின் அச்சுப்படிகளையும் கொடுத்தனுப்பினார். அதிலிருந்து தொடங்கி சந்திரசேகர் எழுதிய கட்டுரை மறு ஆண்டே லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது.

இந்தக் கதையை எல்லோரும் மேதைமைக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்குப் படுவது வேறு. புத்தகம் தான் பழசாகிவிட்டதைத் தானே சொல்லாது. அதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் ஜெர்மனியிலிருந்து வரும்வரை இவர் காத்திருக்க வேண்டியிருந்தது.

அடுத்த ஆண்டு, 1929 அக்டோபரில், அந்தக் குவாண்டம் இயக்கவியலை உருவாக்கியவர்களில் ஒருவரான ஹைசன்பர்க் வந்தார். அவருக்கே அப்போது இருபத்தேழு வயதுதான். விருந்தாளிக்கு ஊரைச் சுற்றிக் காட்டும் பொறுப்பு சந்திரசேகருக்கு வந்தது. கார், கடற்கரைச் சாலை, பேச்சு. பேசியதிலேயே எவ்வளவோ இயற்பியல் கற்றுக்கொண்டதாக அப்பாவுக்குக் கடிதம் எழுதினார். அந்த நாளைப் படிப்புக் கணக்கில் வைப்பதா, ஊர்சுற்றல் கணக்கில் வைப்பதா?

*

'ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஃப்ரெண்ட்ஸோடு சுத்தலாம்?' முதலாமாண்டுப் பையன் ஒருவன் உண்மையாகவே கேட்டான். டைம்டேபிளே போட்டு வைத்திருந்தான், பாவம். எலியட்ஸ் பீச்சில் சுண்டல் பொட்டலத்தோடு உட்கார்ந்து 'திங்கள்கிழமை இன்டர்னல்ஸ் இருக்கே' என்று புலம்புகிறவன் கடலையும் பார்ப்பதில்லை, பாடத்தையும் பார்ப்பதில்லை. நேரப் பங்கீடு சரியாக இருந்தும் இரண்டும் வீண்.

*

ஐஐடி வளாகம், கிண்டிக் காட்டில் கிள்ளியெடுத்த நிலம். ஹாஸ்டல்களுக்கு ஆறுகளின் பெயர். புள்ளிமான்கள் சைக்கிளுக்கு வழிவிடாது. 1974இல் 'மார்டி கிரா' என்று தொடங்கிய கலைவிழா 1996 முதல் 'சாரங்' ஆனது. 2000இல் தொழில்நுட்பத்துக்கென்று 'சாஸ்த்ரா' வந்தது. இரண்டையும் நடத்துவது மாணவர்கள்தான். ஸ்பான்சர் பிடிப்பது, மேடை போடுவது, வெளியூர்ப் பிள்ளைகளுக்கு இடம் பார்ப்பது எல்லாமே பெரிய படிப்பு, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குழுப் பொறுப்புகள் ரெஸ்யூமேயில் ஒரு வரியாகப் போய் உட்காரும்போது, கொண்டாட்டமும் இன்னொரு பேப்பர் ஆகிவிடுகிறது. திறந்தவெளி அரங்கின் சனிக்கிழமை இரவுப் படத்துக்கு எந்த ரெஸ்யூமேயிலும் இடமில்லை. அதனாலேயே எனக்கு அதன்மேல் மரியாதை.

*

பிரெசிடென்சியில் சந்திரசேகருக்கு ஒரு வகுப்பு கீழே இயற்பியல் படித்தவர் லலிதா துரைசாமி. 1936இல் இருவரும் மணந்துகொண்டார்கள். லலிதாவின் பெரியம்மாதான் 'சகோதரி சுப்புலட்சுமி' என்று அறியப்பட்டவர். கல்லூரிக்கு அருகிலேயே, ஐஸ்ஹவுஸில், இளம் விதவைகளைத் தங்கவைத்துப் படிக்கவைத்தவர். அப்படிப்பட்ட குடும்பத்துப் பெண்ணுக்கு வகுப்பறைக் கதவு திறந்திருந்தது. வகுப்பு முடிந்த பிறகு? வெளிநாட்டு விஞ்ஞானியோடு காரில் கடற்கரையைச் சுற்றும் மாலைகள் அன்றைய மாணவிக்கு எங்கே இருந்தன?

*

மார்கழி. செமஸ்டர் முடிந்த கையோடு பிள்ளைகள் சபாக்களில் தென்படுகிறார்கள். மயிலாப்பூரில் மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து போகிறவர்களை மாமாக்கள் முறைப்பது பழைய வழக்கம். காபிக்குப் போகிறவர்கள் முறைக்கப்பட வேண்டியவர்களே. ஆனால் பின்வரிசையில் ஒரு பெண், அதுவரை தொடையில் கச்சிதமாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தவள், மிருதங்கக்காரர் கோர்வைக்கு வருவதற்குள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். ஹாஸ்டல் கேட் மூடிவிடுமாம். அவளோடு வந்த பையன்கள் மங்களம் வரை இருந்தார்கள். பிறகு தெருமுனை டீக்கடையில் பல்லவியின் எடுப்பு எங்கே என்று பெஞ்சைத் தட்டிக்கொண்டே பதினோரு மணி வரை சண்டை போட்டார்கள். கச்சேரியை அவள் யூடியூபில் கேட்டுக்கொள்ளலாம். அந்தச் சண்டையை யாரும் பதிவு செய்யவில்லை.