ஆதாயம் என்ற வாதம்

1970 ஜூன் 7 அன்று சுவிட்சர்லாந்தில் ஒரு பொதுவாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்கள் ஆண்கள் மட்டுமே. பெண்களுக்குக் கூட்டாட்சி அளவில் அந்த உரிமை கிடைத்தது மறு ஆண்டுதான். ஒவ்வொரு மாநிலத்திலும் வெளிநாட்டவர் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, ஜெனீவாவுக்கு மட்டும் 25 வரை போகலாம் என்பது நாடாளுமன்ற உறுப்பினர் ஜேம்ஸ் ஷ்வார்ட்சன்பாக்கின் கோரிக்கை. நிறைவேறியிருந்தால் சுமார் மூன்று லட்சம் பேர் மூட்டை கட்டியிருப்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் இத்தாலியர். 54 விழுக்காட்டினர் எதிர்த்ததால் கோரிக்கை தோற்றது.

எதிர்த்தவர்கள் சொன்ன காரணத்தைத்தான் சற்று நின்று யோசிக்க வேண்டும். இவர்கள் போய்விட்டால் ஆலை எப்படி ஓடும், கட்டடம் யார் கட்டுவது என்றே அரசும் தொழிலதிபர்களும் கேட்டார்கள். ஒரு தரப்பு பாரம் என்றது, மறு தரப்பு ஆதாயம் என்றது. இருவர் கையிலும் ஒரே தராசு. நியாயம் பேசியிருந்தால் எதிர்த்தவர்கள் தோற்றிருக்கலாம் என்பதையும் மறுப்பதற்கில்லை. வெளியேற்றத்தைத் தடுக்கும் வாதம் எதுவானாலும் சரி என்று ஒருவர் சொன்னால், அதில் பொருள் உண்டு.

ஆனால் அந்த வாதத்துக்கும் ஒரு விலை இருந்தது. அன்று பருவகாலத் தொழிலாளர் ஆண்டுக்கு ஒன்பது மாதம் வரை உழைக்க முடிந்தது, குடும்பத்தை அழைத்துவர முடியவில்லை. திருட்டுத்தனமாக வந்த பிள்ளைகள் பகலெல்லாம் சத்தம் காட்டாமல் அறைக்குள் ஒளிந்திருந்தார்கள். அவர்களால் யாருக்கும் ஆதாயமில்லை என்பதால் ஆதாயக் கணக்கு அவர்களுக்காக ஒன்றும் பேசவில்லை. 1974க்குப் பின் பொருளாதாரம் சரிந்தபோது வெளிநாட்டுத் தொழிலாளர் பெருந்தொகையாக வேலையிழந்து ஊர் திரும்பினார்கள். பயனுள்ளவர் என்று காக்கப்பட்டவர், பயன் தீர்ந்ததும் காப்பற்றவரானார். எண்பதுகளில் அங்கு போய்ச் சேர்ந்த ஈழத்தமிழரை முதலில் சந்தேகத்தோடு பார்த்தவர்கள், உணவக அடுக்களைகளில் அவர்கள் உழைத்த பிறகே பாராட்டினார்கள். அந்தப் பாராட்டிலும் இதே நிபந்தனை ஒட்டியிருக்கிறது.

2014இல் குடியேற்றத்துக்கு வரம்பு கேட்ட வாக்கெடுப்பு 50.3 விழுக்காட்டில் வென்றது. அப்போதும் பொருளாதாரம் பாதிக்கும் என்பதே எதிர்த்தவர்களின் முக்கிய வாதம். இத்தாலி எல்லையிலுள்ள டிச்சீனோ மாநிலத்தில் ஏறத்தாழ 68 விழுக்காட்டினர் வரம்பை ஆதரித்தனர். நாள்தோறும் எல்லை தாண்டி வருபவர் குறைந்த கூலிக்கு ஒப்புக்கொள்வதைப் பார்த்திருந்தவரிடம் நாட்டுக்கு ஆதாயம் என்றால், யாருக்கு என்றுதானே கேட்பார்? அவரை இனவெறியர் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அவர் கேள்விக்கு, யாரையும் விரட்டாத ஒரு பதிலும் இருந்தது: எவர் வேலை செய்தாலும் அதற்குக் கீழே போகாத குறைந்தபட்சக் கூலி. 2015இல் டிச்சீனோ வாக்காளர்களே அதையும் ஏற்றார்கள்.