பெயரிட்டவர் கடன்

ஓசூரில் ஒரே தெருவில் மூன்று மொழிகள் வழங்குகின்றன. கூரை மூலையில் வலை பின்னும் உயிரைத் தமிழர் சிலந்தி என்பர். தெலுங்கர் சாலெபுருகு என்பர். கன்னடர் ஜேட என்பர். பின்னிரண்டு பெயர்களும் நெசவாளரைக் குறிக்கும் சொற்களோடு உறவுடையவை. முன்னோர் அதனை உற்றுநோக்கியே பெயரிட்டிருக்கின்றனர். நமக்கோ அது ஒட்டடையின் மறுபெயர். இல்லத்தைத் தூய்மை செய்வது குற்றமன்று. ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. ஓர் உயிருக்குப் பெயரிடுவது என்றால் என்ன? பெயரிட்ட பின், பெயரிட்டவருக்கு அதனிடம் ஏதேனும் கடமை உண்டா?

தொடக்கநூலின் இரண்டாம் அதிகாரத்தில், இறைவன் தாம் உருவாக்கிய விலங்குகளையும் பறவைகளையும் மனிதனிடம் கொண்டுவருகிறார். அவன் என்ன பெயரிடுவான் என்று பார்க்கிறார். இப்பகுதியை மனிதனின் ஆட்சியுரிமைக்குச் சான்றாகவே பலகாலம் விளக்கி வந்தோம். ஆனால், பெயரிடுமுன் மனிதன் ஒவ்வோர் உயிரையும் தனித்தனியே நோக்கி, ‘இது வேறு, அது வேறு’ என்று கண்டிருக்க வேண்டும் அல்லவா? அந்தப் பணி இன்னும் முடிந்தபாடில்லை. சுவீடன் நாட்டின் கார்ல் கிளார்க் 1757இல் தம் நாட்டுச் சிலந்திகளுக்கு முறையாகப் பெயரிட்டு நூல் வெளியிட்டார். அன்று தொடங்கிய கணக்கு 2022 ஏப்ரலில் 50,000 இனங்களை எட்டியது. இன்னும் அறியப்படாதவை ஏறத்தாழ அத்தனையே இருக்கலாம் என்பது அறிஞர் கணிப்பு.

இப்பணி எளிதன்று. நிறமும் பருமனும் ஏமாற்றும். ஆணின் முகத்தருகே உள்ள சிறு உணர்கால்களின் நுனியையும், பெண்ணின் வயிற்றடியில் உள்ள இனப்பெருக்க உறுப்பின் அமைப்பையும் நுண்ணோக்கியில் கண்டு, ஏற்கெனவே பெயர் பெற்றவற்றோடு ஒப்பிட வேண்டும். ஒரே இனத்தின் ஆணும் பெண்ணும் இரு வேறு இனங்களாகப் பெயர் பெற்று, பின்னர் ஒரு பெயர் விலக்கப்பட்டதும் உண்டு. கேரளத்தின் தேவரா திரு இருதயக் கல்லூரியில் இவ்வாராய்ச்சியை வளர்த்த பி. ஏ. செபாஸ்டியன், கே. வி. பீட்டருடன் இணைந்து 2009இல் வெளியிட்ட நூல், இந்தியாவின் 1,520 சிலந்தி இனங்களைக் கணக்கிட்டது. இவ்வாறு பெயர் பெறும் சிலந்தி பெரும்பாலும் உயிரோடிருப்பதில்லை. சாராயக் குப்பியில் கிடந்து தன் இனத்திற்குச் சான்று பகர்கிறது. பெயரிடும் செயலிலேயே ஒரு கடன் ஏறிவிடுகிறது என்பதை இங்கே காண்கிறோம்.

நம் மண்ணிற்கு அருகே நிகழ்ந்ததைப் பார்ப்போம். 1899இல் ஆங்கிலேய அறிஞர் ரெஜினால்ட் போகாக், மரப்பொந்துகளில் வாழும் பெருஞ்சிலந்தி ஒன்றுக்குப் ‘பீசிலோதீரியா ஃபார்மோசா’ என்று பெயரிட்டார். ஃபார்மோசா என்றால் இலத்தீனில் அழகியது என்று பொருள். அது கிடைத்த இடம் சேலம் மாவட்டத்துக் காடையாம்பட்டி. அன்று ஓசூரும் கிருஷ்ணகிரியும் அதே மாவட்டத்தின் வட்டங்கள்.

அதே ஆண்டில் அவர் அதன் உறவினம் ஒன்றுக்கும் பெயரிட்டார். ஆந்திரத்தின் குத்தி என்னும் ரயில் நகரில், ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்த ஒரே ஒரு நீலச் சிலந்தி அது. பின்னர் ஒரு நூற்றாண்டுக் காலம் எவரும் அதைக் கண்டதாகச் செய்தி இல்லை. 2001இல், குத்தியிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் அது மீண்டும் கண்டறியப்பட்டது. வெட்டிய மரத்தோடு ரயிலேறி வந்ததை, இறங்கிய ஊரின் பெயரால் உலகம் அழைத்து வந்திருக்கிறது.

மீண்டும் கண்டதால் அதற்கு நன்மை விளைந்ததா? அதன் நீல எழிலை விரும்பி, வளர்ப்போர் உலகெங்கும் தேடினர். பெயரோடு விலையும் வந்தது. 100 சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த காட்டில் எஞ்சியுள்ள அவ்வினம், 2008இல் அழிவின் விளிம்பில் உள்ளதாக அறிவிக்கப்பட்டது. அறிவு தன்னளவில் அறமாகிவிடாது. எனவேதான் இன்று ஆராய்ச்சியாளர் சிலர், அரிய உயிரைக் கண்ட இடத்தைத் துல்லியமாக வெளியிடத் தயங்குகின்றனர்.

அப்படியானால் பெயரிடாமலே விட்டிருக்கலாமே என்று தோன்றும். அதுவும் தீர்வன்று. பெயரில்லாததைக் காக்கச் சட்டம் எழுத இயலாது. அது அழிந்தாலும் அழிந்தது எதுவென்று சொல்வார் இல்லை. 1970களில் தொழிற்பேட்டை வந்தது முதல் ஓசூர் வளர்ந்துகொண்டே இருக்கிறது. யானை வாழும் நம் காடுகளில் காவேரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014இல் அமைந்தது, மகிழ்ச்சியே. ஆனால் சாலைக்காக ஒரு பழம்புளிய மரம் வீழும்போது, அதன் பொந்தில் வாழ்ந்தது எது என்று எவரும் கேட்பதில்லை.

மனிதன் வயிறு நிறையவே வழி காணாதபோது சிலந்தியின் காலை எண்ணுவானேன் என்று கேட்போர் உண்டு. தொழிற்சாலை தரும் சோற்றை இகழ நமக்கு உரிமையில்லை. ஆனால் அந்தத் தொழிற்சாலைக்கு ரயிலேறி வந்தவர்களை நாம் எப்படி அழைக்கிறோம்? ஒடிசாவின் மகனும் அசாமின் மகளும் ஜார்க்கண்டின் இளைஞனும் நமக்கு ‘இந்திக்காரர்கள்’. அவர்களுள் பலருடைய தாய்மொழி இந்தியே அன்று. மனிதரைச் சிலந்தியோடு ஒப்பிடுவது நம் நோக்கமன்று. நம் கண்ணின் சோம்பலைச் சுட்டுவதே நோக்கம். பொதுப்பெயர் ஒன்றைச் சூட்டிவிட்டால் பிறகு முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்னும் வசதி அச்சோம்பலுக்கு உண்டு. சிற்றுயிரைக் கூர்ந்து நோக்கப் பழகியவன், அண்டை வீட்டில் குடியேறியவனை எளிதில் கூட்டத்தில் கரைத்துவிட மாட்டான் என நம்பலாம்.

புனித தோமா அக்குவினாஸ், நம்பிக்கை அறிக்கையை விளக்கும்போது, ஒரே ஓர் ஈயின் இயல்பைக்கூட முற்றும் அறிந்த மெய்யியலார் எவருமில்லை என்று நினைவூட்டினார். படைப்பனைத்தையும் கற்பனை செய்யவல்ல பேரறிஞரின் இப்பணிவு, வகைப்படுத்தும் அறிவியலுக்கும் அடிப்படை. ஆராய்ச்சியாளர் தாம் இட்ட பெயரைத் திருத்தவும் விலக்கவும் ஆயத்தமாயிருக்கிறார். பெயர் அவருடைய சொத்தாவதில்லை. பெற்றோர் குழந்தைக்குப் பெயரிடும்போதும் அவ்வாறே. பெயர் சூட்டும் நாளில் குழந்தை அவர்கள் உடைமையாவதில்லை. அவர்களே அதற்குக் கடன்பட்டவர்களாகிறார்கள்.

மனிதன் என்ன பெயரிடுவான் என்று அன்று பார்த்து நின்ற இறைவன், பெயரிட்டவற்றை அவன் என்ன செய்கிறான் என்பதையும் இன்று பார்க்கின்றார்.