அளந்தறிதலும் அளவு கொள்ளலும்

நீரை வடிகட்டிப் பயன்படுத்துதல் நம் இல்லங்களில் தொன்றுதொட்டு வரும் ஒழுக்கம். வடிகட்டிய துணியை உதறி எறிந்துவிடுதல் முறையன்று. எக்கிணற்றிலிருந்து நீர் எடுக்கப்பட்டதோ அக்கிணற்று நீரிலேயே, துணியில் தங்கிய சிற்றுயிர்கள் ஊறின்றிச் சேருமாறு அலசிவிடல் வேண்டும் என்று முன்னோர் விதித்தனர். துணியில் உயிர் தங்கியிருத்தலைக் காண்பது பாதி அறம். அதனை அதன் இடத்திற் சேர்ப்பது மறுபாதி. இச்சிறு வழக்கத்தினின்றும் ஒரு பெரிய வினா எழுகின்றது. தீங்கு இன்னது, இவ்வளவினது என்று கண்டறிந்தபின் அறிந்தவருடைய கடமை யாது? அறியாமற் செய்த தீங்கும், அறிந்தபின்னும் தொடரும் தீங்கும் ஒரே எடையினவா?

இவ்வினாவுக்கு ஐரோப்பாக் கண்டத்தின் அனுபவம் நல்லதோர் உரைகல். காற்றின் மாசையும் தட்பவெப்ப மாற்றத்தையும் அங்கே இடைவிடாது அளந்து வருகின்றனர். கோபன்ஹேகன் நகரில் 1994 முதல் ஐரோப்பியச் சுற்றுச்சூழல் முகமை இயங்கி வருகிறது. கோப்பர்னிக்கஸ் என்னும் திட்டத்தின் செயற்கைக்கோள்கள் நிலத்தையும் கடலையும் காற்றையும் வானிலிருந்து நோக்கிக்கொண்டிருக்கின்றன. நிலமும் நீரும் காற்றும் ஓரறிவுயிர்களுக்கு உடலாய் அமைந்தவை என்று கொள்ளும் நாம், இச்செய்திகளை அயலார் செய்தியெனக் கடந்து செல்லுதல் தகாது.

அமில மழையின் வரலாற்றை முதற்கண் காண்போம். பிரிட்டனிலும் நடு ஐரோப்பாவிலும் நிலக்கரியை எரித்த மின் நிலையங்களுக்கு மிக உயர்ந்த புகைபோக்கிகள் கட்டப்பட்டன. அவை அருகில் வாழ்ந்தோரின் மூச்சைக் காத்தன. ஆனால் கந்தகப் புகை காற்றிலேறி நூற்றுக்கணக்கான கல் தொலைவு சென்று, ஸ்வீடன், நார்வே நாடுகளில் அமில மழையாய் இறங்கிற்று. ஏரிகளில் மீன்கள் மடிந்தன. பல்லாண்டுகளாகச் சேர்த்து வைத்த மழைநீர் அளவுகளை ஆராய்ந்து, இத்தீங்கு எங்கிருந்து வருகிறது என்று 1967-இல் வெளிப்படுத்தியவர் ஸ்வீடன் நாட்டு மண்ணியல் அறிஞர் ஸ்வாண்டே ஓடேன். புகையை அனுப்பிய நாடுகள் எளிதில் ஒப்பவில்லை. பின்னர் 1979-இல் ஜெனீவாவில், எல்லை கடந்து செல்லும் காற்று மாசு குறித்த உடன்படிக்கை உருவாயிற்று. கந்தக வெளியீட்டை 30 விழுக்காடு குறைப்பதென்று 1985-இல் ஹெல்சிங்கியில் பல நாடுகள் உறுதி கூறின. பிரிட்டன் அப்பொழுது கையெழுத்திடவில்லை. எனினும் அடுத்து வந்த ஆண்டுகளில் அந்நாடு உட்பட ஐரோப்பா முழுவதிலும் கந்தகப் புகை பெரிதும் குறைந்தது.

இங்கே நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. ஸ்வீடன் மக்கள் தம் ஏரிகளில் சுண்ணாம்பைக் கொட்டி அமிலத்தை முறித்தனர். ஆயினும் புகை வந்துகொண்டிருந்தவரை அப்பணிக்கு முடிவில்லை. புகை குறைந்த பின்னரும் மண்ணிற் படிந்துவிட்ட கேடு உடனே நீங்கவில்லை. ஏரிகள் தேறுவதற்குப் பல பத்தாண்டுகள் வேண்டியிருக்கின்றன. ஊற்று, செறிப்பு, உதிர்ப்பு என்று நம் ஆகமம் வினையைப் பற்றி வகுத்துக் கூறும் முறையை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வந்து சேரும் வழியை அடைக்காமல், சேர்ந்ததை மட்டும் கழிக்க முயல்வது ஓட்டைப் படகில் நீர் இறைப்பதாகும். வழியை அடைத்த பின்னும் பழையதைப் பொறுமையோடு கழித்தே ஆகவேண்டும்.

அளத்தல் மறைப்பை விலக்கவும் வல்லது. 1986 ஏப்ரல் 28-ஆம் நாள், ஸ்வீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில், ஓர் ஊழியரின் காலணியில் கதிரியக்கம் இருத்தலைக் கருவி காட்டிற்று. ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் செர்னோபிலில் இரு நாள் முன்னர் நேர்ந்த விபத்தின் துகள் அது. அதுவரை வாய் திறவாதிருந்த சோவியத் அரசு அன்று மாலையே விபத்தை ஒப்புக்கொண்டது. அளவையையே ஏமாற்றியோரும் உண்டு. சோதனை நேரத்தில் மட்டும் நச்சுப் புகையைக் குறைத்துக் காட்டும் நிரலை ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் தன் டீசல் கார்களிற் பொருத்தியிருந்தது 2015-இல் அம்பலமாயிற்று. அத்தகைய கார்கள் ஐரோப்பாவில் மட்டும் ஏறத்தாழ 85 இலட்சம். பொய்யாமையை விட்ட இடத்தில் கொல்லாமையும் நில்லாது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

இனி வெப்பத்தைக் காண்போம். 1980-களிலிருந்து ஐரோப்பா உலகச் சராசரியைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரைவில் வெப்பமடைந்து வருகிறது. தொழிற்புரட்சிக்கு முற்பட்ட நிலையினும் 1.5 பாகைக்கு மேல் உலக வெப்பம் உயர்ந்த முதல் ஆண்டு 2024 என்று கோப்பர்னிக்கஸ் தட்பவெப்ப மையம் அறிவித்தது. 1990-ஆம் ஆண்டின் அளவை நோக்க, 2030-க்குள் வெளியீட்டை 55 விழுக்காடேனும் குறைக்க வேண்டுமென ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் சட்டம் இயற்றியது. அறிவுக்கு ஒழுக்கம் துணை சேரத் தொடங்கியிருத்தலை இது காட்டுகிறது. ஆனால் புகை இன்னும் நிற்கவில்லை.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம், வினையின் வருகையில் வேறுபாடு உண்டாக்கும் காரணங்களுள் அறிந்து செய்தல், அறியாது செய்தல் என்பவற்றையும் வைத்து எண்ணுகிறது. அவ்வாறாயின், அளந்தறிந்த நாளிலிருந்து தீங்கின் எடை மிகுகின்றது. நிலக்கரியை முதன்முதல் எரித்த தலைமுறை அறியவில்லை. இன்றைய தலைமுறை அவ்வாறு கூற இயலாது. அறியாதிருத்தலே நலம் போலும் என்று சிலர் கருதலாம். அதுவும் தவறு. கண் மூடி நடப்பவன் கொல்லாதவனாகான். பார்த்து நடவாமையாகிய சோர்வே இம்சைக்கு வாயில் என்பது நம் சமயத்தின் உறுதி.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றும் வினைக்குக் காரணமாம். ஐரோப்பிய நாடுகளின் கணக்கில் பெரும்பாலும் வருவது தம் எல்லைக்குள் எழும் புகை, அஃதாவது செய்தல். தமக்கென வேற்று நாடுகளிற் செய்விக்கும் பொருள்களின் புகையும் கழிவும் அக்கணக்கிற்குப் பெரிதும் புறத்தே நிற்கின்றன. நம் பாலாற்றங்கரையில் பதனிடப்பட்ட தோல் காலணியாகி ஐரோப்பியச் சந்தையை அடைகிறது; கழிவோ பாலாற்றுப் படுகையிலேயே தங்கிவிட்டது. இக்கேட்டைக் குறித்து உச்சநீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளிக்க நேர்ந்தது. ஆனால் வாங்கும் இடத்தில் நாமும் செய்விப்போரே என்பதை மறவாதிருப்போமாக. விலை கொடுத்து வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் பின்னே, நாம் காணாத ஓர் ஆறும் ஒரு புகைபோக்கியும் இருக்கக்கூடும்.

இல்லறத்தார் புகையின்றி, நீரின்றி வாழ்தல் கூடுமோ என்று கேட்பீராயின், கூடாது என்பதே விடை. அதனாலன்றோ நமக்கு அணுவிரதம் விதிக்கப்பட்டது! முற்றத் துறக்க இயலாதவன், தனக்கு வேண்டுவது இவ்வளவென்று வரைந்துகொண்டு, அதற்கு மேல் விரும்பாதிருத்தலே மிகுபொருள் விரும்பாமை. கருவிகள் உலகை அளக்கின்றன. விரதம் தன்னையே அளக்கின்றது. ஐரோப்பியர் நிறுவிய கருவிகளுக்கு நாம் நன்றியுடையோம். ஆசையின் அளவைக் காட்டும் கருவியை மட்டும் எவரும் பிறருக்குச் செய்து தர இயலாது.

வரும் தசலட்சணப் பருவத்தில், குடும்பத்தார் ஒருங்கமர்ந்து தம் ஊர்திகளையும் ஆடைகளையும் எரியும் விளக்குகளையும் எண்ணிப் பார்ப்பாராக. எண்ணியபின் இவ்வளவு போதும் என்று ஒரு வரையறை கொள்வாராக. எண்ணுவதோடு நின்றால், துணியிற் கண்ட உயிரைக் கிணற்றிற் சேர்க்காமல் விட்டவராவோம்.

அறம் வளர்க! அகிம்சை வெல்க!