நினைவுப் பொருளின் விலை

ஊர் பார்க்கச் சென்றவன் வெறுங்கையோடு திரும்புவதில்லை. மார்ச்சிலும் ஆகஸ்டிலும் தலவில் புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு வரும் யாத்திரிகர் பலர் கருவாட்டுப் பொதியோடு வீடு திரும்புகின்றனர். கற்பிட்டிக்கு டொல்பின் பார்க்க வரும் வெளிநாட்டார் பனையோலைப் பெட்டியொன்றை வாங்கிச் செல்கின்றனர். கருவாடு உண்டு தீர்ந்துவிடும். அதைப் பண்டம் என்கிறோம். பெட்டி அலமாரியில் ஏறி அமரும். அதை நினைவுப் பொருள் என்கிறோம். ஆனால் அது யாரை நினைவூட்டுகிறது?

அந்தப் பெட்டி எப்படி உருவாகிறது? மரமேறிக் குருத்தோலை வெட்டவேண்டும். வெயிலில் உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, சாயத்தில் அவித்தெடுக்கவேண்டும். பின்னரே ஒரு பெண்ணின் விரல்கள் இழைக்கத் தொடங்கும். அடுப்படி வேலைக்கும் பிள்ளைகளுக்கும் இடையே அவள் மிச்சம் பிடித்த நேரம் அது. விடுதி அறைக்குச் சொன்ன வாடகையை அப்படியே செலுத்தியவர், இப்பெட்டியைப் பாதி விலைக்குக் கேட்கிறார். விடுதியின் விலை அச்சிடப்பட்டிருக்கிறது. அவளுடைய விலையை அவளது பசியே குறைத்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். பேரத்தில் பாதியாவது ஒரு மனுஷியின் உழைப்பு நாள்.

மனிதருக்கிடையிலான உறவு சந்தையில் பண்டங்களுக்கிடையிலான உறவாகத் தோற்றங்கொள்கிறது என்று 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற் பாகத்தில் மார்க்ஸ் விளக்கினார். நினைவுப் பொருளில் இத்தோற்றம் உச்சம் பெறுகிறது. அது கைகளை மறைத்து ஊரின் பெயரை மட்டும் காட்டும். இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் உல்லாசப் பயணிகள் விரும்பி வாங்கும் பட்டு, ‘கோமோப் பட்டு’ என்றே புகழ்பெற்றது. அதன் கச்சாப் பட்டோ பெரும்பாலும் சீனத்திலிருந்து வருகிறது. புழு வளர்த்த சீனத்து உழவனுக்கு அந்தப் பெயரில் இடமில்லை.

அதே இத்தாலிக்கு நமது புத்தளம் மாவட்டத்தின் வென்னப்புவ, மாரவில ஊர்களிலிருந்து பல்லாயிரவர் வேலை தேடிச் சென்றுள்ளனர். வென்னப்புவ நகருக்குக் ‘குட்டி இத்தாலி’ என்றே பெயர் வழங்குகிறது. அங்கே முதியோரைப் பராமரித்தும் பிறர் வீடுகளைத் துடைத்தும் உழைப்பவர், விடுமுறைக்கு ஊர் வரும்போது பிள்ளைகளுக்குச் சொக்லேட்டும் சப்பாத்தும் கொண்டுவருகின்றனர். இத்தாலியர் கற்பிட்டியிலிருந்து கொண்டுசெல்வது ஓய்வின் நினைவு. இவர் இத்தாலியிலிருந்து கொண்டுவருவது பிரிவுக்கான ஈடு. இவ்விருவர் சுமைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் உலகச் சந்தையின் முகம் தெரியும்.

‘அவர்கள் வாங்குவதால்தானே இவர்கள் பிழைக்கிறார்கள்?’ என்று கேட்கலாம். உண்மையே. வாங்க மறுப்பதனால் எந்த ஏழையின் அடுப்பும் எரியப்போவதில்லை. ஆயினும் காசிருந்தால் எதையும் வாங்கலாம் என்பது அறமாகாது. 1992இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கற்பிட்டிக் கடலின் ‘பார் ரீஃப்’ பவளப்பாறைகள், 1998இல் கடல் வெப்பமுற்றபோது பேரழிவுக்குள்ளாயின. அத்தகைய பாறையிலிருந்து பெயர்த்த துண்டுக்கு நியாய விலை என்று ஒன்றில்லை. மீனவரின் நாளைய மீனை இன்றே விற்கும் செயல் அது.

மாணவரைச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியர் கடை வாசலிலும் ஒரு பாடம் நடத்தலாம். இதைச் செய்தவர் யார், எத்தனை நாள் சென்றது, அவருக்கு எவ்வளவு சேர்கிறது என்று கேட்கப் பழக்கலாம். கேட்டறிந்தவனுக்குப் பாதி விலை கேட்க நா எழாது. எனினும் வாங்குவோரின் மனச்சாட்சியை மட்டும் நம்பி உழைப்போர் வாழ முடியாது. இழைப்போர் கூட்டுறவாக ஒன்றுபட்டுத் தம் விலையைத் தாமே எழுதவேண்டும். விடுதியின் விலைப்பட்டியலைப் போல அவர்களது பட்டியலும் சுவரில் தொங்கும் நாளில், பேரக் குரல் தானே அடங்கும்.